சிங்கமும் மெய்ப்பாடும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



சோழர் காலக் கல்வெட்டுகளைச் சுமந்து நிற்கும் கோயிலை உடைய எலவனாசூர்கோட்டையில் காவல்துறைப் படமொன்றைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். நாடகத்தையும் முத்தமிழுள் ஒன்றாக வைத்த மரபு நம்முடையது. மக்கள் எதைக் கண்டு கைதட்டுகிறார்கள், ஏன் தட்டுகிறார்கள் என்று ஆராய்வதும் இலக்கியவாதியின் கடமையே.

2003இல் ‘சாமி’யை இயக்கிய ஹரி, 2010இல் சூர்யாவை நாயகனாகக் கொண்டு ‘சிங்கம்’ படைத்தார். 2013இலும் 2017இலும் அதன் தொடர்ச்சிகள் வந்தன. கதையின் கரு எளியது. தூத்துக்குடி மாவட்டத்து நல்லூரில் துரைசிங்கம் என்னும் உதவி ஆய்வாளர். சென்னையில் மயில்வாகனம் என்னும் கொடியவன். நிபந்தனை ஜாமீனில் கையெழுத்திட வேண்டியவன் ஆளை அனுப்புகிறான். அவனே நேரில் வரவேண்டும் என்கிறார் துரைசிங்கம். ஒரு கையெழுத்திலிருந்து பெரும்பகை மூள்கிறது. மயில்வாகனமாகப் பிரகாஷ்ராஜும், எரிமலை என்னும் காவலராக விவேக்கும் நடித்தனர். பிரியனின் ஓடும் ஒளிப்பதிவும் விரைந்த படத்தொகுப்பும் பார்வையாளருக்கு மூச்சுவிட இடந்தரவில்லை. இப்படம் 2011இல் கன்னடத்தில் ‘கெம்பே கௌடா’வாகவும் இந்தியில் ‘சிங்கம்’ என்ற பெயரிலேயும் மறு ஆக்கம் பெற்றது. இந்தியில் அது 2024 வரை கிளைவிட்டு வளர்ந்தது.

இதன் கவர்ச்சி எங்கே இருக்கிறது? தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளுள் நகை, வெகுளி, பெருமிதம் ஆகிய மூன்றையும் இயக்குநர் மாறி மாறித் தொடுக்கிறார். காக்கிச் சட்டைமேல் எளிய மனிதனுக்கு இயல்பாகவே அச்சம் உண்டு. விவேக்கின் எரிமலை சிரிப்பால் அந்த அச்சத்தைக் கரைக்கிறார். காவல் நிலையமும் பக்கத்து வீடுபோல் ஆகிவிடுகிறது. அச்சம் நீங்கிய இடத்தில் நாயகனின் பெருமிதம் வந்து அமர்கிறது.

அதற்குமேல் ஓர் ஏக்கமும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அத்தகைய துயரைக் கண்ட மக்கள், ‘நேர்மையான ஓர் அதிகாரி வரமாட்டாரா’ என்று ஏங்குவதில் பிழையில்லை. திரையரங்கு அந்த ஏக்கத்துக்கு இரண்டரை மணி நேர ஆறுதல் தருகிறது.

ஆனால் அந்த ஆறுதலுக்கு ஒரு விலை இருக்கிறது. ‘சிங்க’த்தில் கொடியவனின் கணக்கைத் துப்பாக்கி தீர்க்கிறது; தீர்ப்புச் சொல்ல நீதிமன்றத்துக்கு இடமில்லை. அப்போதும் அரங்கம் கைதட்டுகிறது. 2020 ஜூனில், துரைசிங்கத்தின் அதே தூத்துக்குடி மாவட்டத்தில், சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் கடந்து கடை திறந்திருந்ததாகப் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் காவலில் இருந்தபோது உயிரிழந்தனர். காவல்துறையினர் ஒன்பது பேர்மீது மத்தியப் புலனாய்வுத் துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அச்செய்தி கேட்ட ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விடுத்தார். தன் வெற்றியையே கேள்வி கேட்ட கலைஞரின் அந்த நேர்மை பாராட்டுக்குரியது.

வெகுளி பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் நான்கினைச் சொல்கிறார்: உறுப்பறுத்தல், குடிகளை நலிதல், அலைத்தல், கொல்லுதல். திரையில் இவற்றைக் கொடியவன் செய்யும்போது நமக்கு வெகுளி பிறக்கிறது. இவற்றையே காக்கி அணிந்தவர் செய்யும்போதும் அது பிறந்தாக வேண்டும் அல்லவா? கோவலனின் கதையை எண்ணிப் பார்ப்போம். அவன் கள்வனைப்போல் தோன்றவில்லை என்று காவலரே தயங்கினர். பொற்கொல்லனின் சொல் அத்தயக்கத்தை வென்றது. கல்லாத ஒருவனின் வாள் முந்திக்கொண்டது. விசாரணையின்றி வீழ்ந்த அந்த ஒரு வெட்டுக்கு மதுரையே எரிந்தது. இளங்கோ நம்மைக் கைதட்டச் சொல்லவில்லை; கண்ணகியின் பக்கம் நிற்கச் செய்தார்.

மக்கள் சிரிக்கட்டும், வீரத்தையும் விரும்பட்டும். அவற்றைத் தரும் கலை குறைந்ததன்று. ஆயினும் தயங்கிய அந்தக் காவலரை நாயகனாக்கும் படைப்பு இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது. இந்த வட்டத்தின் இளங்கவிஞர்கள் அதை எழுதட்டும்.