ஆய்வு ஊருக்குத் திரும்பட்டும்



2025ஆம் ஆண்டு நம் செட்டிகுளம் சின்ன வெங்காயத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் ஊர்ப் பெயர் ஒரு விளைபொருளின் பெயரோடு சட்டப்படி சேர்ந்துவிட்டது. இந்தப் பெயரை வாங்கித் தந்தவர்கள் யார்? வெயிலில் குனிந்து நாற்றும் காயும் ஊன்றிய கைகள். பட்டறை போட்ட கைகள். வெளியூரிலிருந்து வந்திருக்கும் வேளாண் கல்லூரிப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். விதைக்கான வெங்காயத்தை அடுத்த பட்டம், அதாவது அடுத்த விதைப்புப் பருவம், வரை அழுகாமல் காப்பதற்கு, தரையில் படாமல் உயர்த்தி, நாலாபுறமும் காற்று ஊடாடும்படி படல் கட்டி, மேலே கூரை வேய்கிறோமே, அதுதான் பட்டறை. அதன் அகலம் எவ்வளவு, எந்தத் திசை பார்த்து நிற்க வேண்டும், எப்போது பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் எந்தப் பாடநூலைப் பார்த்தும் நம் பாட்டன்மார் கற்றதில்லை.

ஆனாலும் ஒரே மழையில் ஒரு பட்டறை அழுகுகிறது, பக்கத்துப் பட்டறை தப்பிக்கிறது. ஏன்? நம்மிடம் ஊகம் இருக்கிறது, அளவு இல்லை. உள்ளே ஈரப்பதம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று நாம் குறித்து வைத்ததில்லை. பிள்ளைகளே, நீங்கள் செய்ய வேண்டிய ஆய்வு இதுதான்! ஈரப்பதமானி ஒன்று, குறிப்பேடு ஒன்று, பத்துப் பட்டறைகள், ஒரு பட்டம் முழுக்கப் பொறுமை. இவ்வளவு போதும்.

வேளாண் பட்டப்படிப்பில் கிராமப்புற வேளாண் பணி அனுபவம் என்று ஒரு திட்டம் இருக்கிறது. இறுதியாண்டுப் பிள்ளைகள் கிராமங்களுக்கு வந்து தங்குகிறார்கள். தெருவில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடுகிறார்கள். கிணறு எங்கே, ஏரி எங்கே, எந்த மாதம் எந்தப் பயிர் என்று நம்மைச் சுற்றி நிறுத்திக் கேட்டுக் கேட்டு வரைகிறார்கள். வயதான தாய்மார்கள் உட்கார்ந்து, "அந்த ஓடை இந்தப் பக்கம்டா தம்பி" என்று திருத்துகிறார்கள். அந்த நேரத்தில் ஊரே ஆசிரியர். அருமையான காட்சி, எனக்கு அதில் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் மறுநாள் கோலம் அழிந்துவிடும். அறிக்கை கல்லூரிக்குப் போய்விடும், மதிப்பெண் பிள்ளைக்குப் போய்விடும். ஊரிடம் மிஞ்சுவது என்ன? அடுத்து வரும் பிள்ளைகள் அதே கேள்வியை மறுபடியும் முதலிலிருந்து கேட்கிறார்கள். என் ஆதங்கம் இது ஒன்றுதான்.

கல்வி ஊரோடு கலக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. 1947இல் மருத்துவர் சௌந்தரம் அம்மையாரும் ஜி.இராமச்சந்திரனும் சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தை நிறுவினார்கள். 1956இல் அங்கே ஊரகக் கல்வி நிலையம் எழுந்தது, 1976இல் அது பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. வகுப்பறை முதலில் வந்து கிராமம் பிறகு வந்த வரிசை அல்ல அது. மருத்துவமும் ஊர்ப்பணியும் தொடங்கி, அவற்றின் தேவையிலிருந்து கல்லூரி முளைத்தது. 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் வந்தது. 2014இல் உன்னத பாரதம் என்ற திட்டம், உயர்கல்வி நிறுவனங்கள் கிராமங்களைத் தேர்ந்தெடுத்துப் பணிபுரிய வழி செய்தது. ஆக, திட்டங்களுக்குக் குறைவில்லை.

ஆய்வுக்கூடம் தந்த நன்மையையும் மறக்கக்கூடாது. விதைக் காய் ஊன்றினால் ஏக்கருக்கு 400 முதல் 600 கிலோ வரை வேண்டும். விலை ஏறிய ஆண்டில் அதற்கே கடன் வாங்க வேண்டியிருக்கிறது. பூத்து விதை பிடிக்கும் கோ 5 என்ற சின்ன வெங்காய ரகத்தை வேளாண் பல்கலைக்கழகம் தந்தது. ஏக்கருக்கு ஒரு கிலோ விதை போதும். எவ்வளவு பெரிய உதவி! ஆனால் நாற்றுவிட்டு, பறித்து நட்டு, களை எடுக்கும் கூலி எவ்வளவு கூடுகிறது, பட்டறையில் அந்தக் காய் எத்தனை நாள் தாங்குகிறது, சந்தையில் வியாபாரி அதற்கு என்ன விலை சொல்கிறார் என்பதை நம் வயல் கணக்கோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். திருகல் நோய் வந்து தாள் முறுக்கிக்கொண்ட ஆண்டில் யார் வயல் தப்பியது என்று தெருவாரியாகக் கேட்டு எழுத வேண்டும். இதையெல்லாம் கல்லூரி மட்டும் செய்ய முடியாது, நாம் மட்டும் செய்யவும் முடியாது.

கடைசியாக ஒரு கோரிக்கை. தமிழ்நாட்டில் கிராமசபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அக்டோபர் 2 கூட்டத்தின் பொருள் நிரலில் "மாணவர் ஆய்வு அறிக்கை" என்று ஒரு வரி சேர்க்கும்படி ஊராட்சியைக் கேட்டுக்கொள்கிறேன். ஆய்வு செய்த பிள்ளைகளே எழுந்து, நமக்குப் புரியும் தமிழில், பத்து நிமிடம் பேசட்டும். தவறாக எழுதியிருந்தால் அங்கேயே திருத்துவோம். அறிக்கையின் ஒரு படி நம் ஊர் நூலகத்தில் இருக்கட்டும், அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுத்தான் முதல் கேள்வியைக் கேட்க வேண்டும். பேராசிரியர்களே, எதை ஆராய்வது என்ற பட்டியலை வரும் பட்டத்துக்கு முன்பே எங்களோடு உட்கார்ந்து எழுதுங்கள். முதல் பட்டறையை அளக்க இடம் தருவதற்கு இந்தக் கூட்டத்தில் யார் யார் தயார்? கை தூக்குங்கள், பெயரை இப்போதே எழுதிக்கொள்வோம்.