தருக்க வினாவும் தீவக மாணவரும்



இலங்கைச் சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சைக்கோ, பல்கலைக்கழகக் கற்கைநெறிகள் சிலவற்றுக்குரிய உளச்சார்புப் பரீட்சைக்கோ தோற்ற விரும்பும் மாணவர், தருக்க வினாக்களைக் கண்டு மயங்குதல் உண்டு. நகரத்துத் தனியார் வகுப்பில் பயின்றோர்க்கே இவை கைவரும் என்று, படகும் பேருந்தும் மாறிச் செல்லும் தீவக மாணவர் எண்ணுதல் இயல்பு. ஆயினும் உய்த்தறி வினா வேண்டுவது செய்திப் பெருக்கத்தை அன்று. சொல்லப்பட்டதைக் கொண்டு, சொல்லப்படாததைச் சேர்க்காது முடிவு காணும் ஒழுங்கையே.

ஒரு கூற்றை மெய்யெனக் கொள்வோம்: நெடுந்தீவு செல்வோர் அனைவரும் குறிகட்டுவானில் படகேறுவர். ஒருவர் குறிகட்டுவானில் படகேறினார். அவர் நெடுந்தீவு சென்றார் எனலாமா? ஆகாது. அங்குப் படகேறுவோர் அனைவரும் நெடுந்தீவு செல்வர் என்று கூற்று உரைக்கவில்லை. நயினாதீவு செல்வோரும் அங்கேதானே படகேறுகின்றனர்! ஆனால், ஒருவர் குறிகட்டுவானில் படகேறவில்லை எனின், அவர் நெடுந்தீவு செல்லவில்லை என்பது உறுதி. கூற்றைத் தலைகீழாக்குவது பிழை. பின்னது இல்லையாயின் முன்னதும் இல்லை என்பதே முறை.

மற்றொன்று. தீவுகள் அனைத்தையும் படகாலேயே அடையலாம். வேலணை ஒரு தீவு. ஆகவே வேலணையைப் படகாலேயே அடையலாம். பண்ணைப் பாலத்தின் வழியே பேருந்தில் செல்வோர் இதனைக் கேட்டு நகைப்பர். எனினும், தந்த எடுகூற்றுகளிலிருந்து இம்முடிவு முறையாகவே பிறக்கின்றது. பிழை எடுகூற்றில் உள்ளது; அனுமானத்தில் இல்லை. பரீட்சை வினவுவது அனுமானத்தையே. நாம் அறிந்த உலகச் செய்தியை அவ்விடத்துப் புகுத்துதல் கூடாது.

இனி, வரிசை வினா. மூன்று படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைக்கு வந்தன. வெள்ளைப் படகு இறுதியாக வரவில்லை. நீலப் படகு வெள்ளைக்கு முன் வந்தது. சிவப்புப் படகு எத்தனையாவது? தாளில் மூன்று கட்டங்கள் கீறுக. வெள்ளைக்கு முன் நீலம் இருத்தலின் வெள்ளை முதலாவதன்று, இறுதியுமன்று, எனவே இரண்டாவது. நீலம் முதலாவது, சிவப்பு மூன்றாவது. மனத்தில் சுமந்தால் குழப்பம். தாளில் இட்டால் தெளிவு.

இக்கலை நமக்குப் புதிதன்று. மணிமேகலை கூறும் மணிபல்லவம் நயினாதீவே என்பது அறிஞர் பலர் கருத்து. அக்காப்பியத்தின் 29ஆம் காதையில் அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் என்பவற்றை விளக்கி, அவற்றின் போலிகளையும் வகைப்படுத்துகின்றார். புகையால் நெருப்பை அறிதற்கு அடுக்களையே அங்குத் திட்டாந்தம். மெய்யை அறிய விரும்புவோன் போலியையும் அறிதல் வேண்டும் என்பது அதனால் விளங்கும். வினாத்தாளிலும் மெய்யான விடை ஒன்றே. அதனைச் சூழ நிற்பவை போலிகள்.

ஆதலின், மாணவர்களே, பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சரியான விடையைக் குறிப்பதோடு அமையாது, ஏனைய விடைகள் ஒவ்வொன்றும் ஏன் பொருந்தாது என்பதையும் ஒரு வரியில் எழுதிப் பழகுங்கள். படகுக்குக் காத்திருக்கும் நேரமும் இதற்குப் போதும். ஒரு பென்சிலும் தாளும் போதும்.