பிள்ளை படிக்கப் போனபின்



பிரிவின் காரணங்களை வகுத்த நம் இலக்கணத்தார் ஓதலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தனர். கல்வியின்பொருட்டுத் தலைவன் தலைவியைப் பிரியலாம். ஆயின் அப்பிரிவு 3 ஆண்டைக் கடத்தலாகாது என்பது தொல்காப்பியக் கற்பியல் விதித்த எல்லை. இன்று பொறியியலுக்கு 4 ஆண்டு, மருத்துவத்துக்கு 5 ஆண்டு என அவ்வெல்லை கடந்துவிட்டது. பிரிந்து வாடுவோரும் தலைவியர் அல்லர். பெற்ற தாயும் தந்தையுமே.

மகளைத் தேடிச் சென்ற செவிலித்தாயை வழியிற் கண்ட அந்தணர் தேற்றுவதாகக் கலித்தொகையின் பாலைக்கலியிலே ஒரு பாட்டு உண்டு. சந்தனம் பிறந்த மலைக்கும், முத்துப் பிறந்த கடலுக்கும், இசை பிறந்த யாழுக்கும் அவற்றாற் பயன் இல்லை. மகளும் அத்தகையளே என்பது அவர் வாதம். அழகிய வாதந்தான். ஆயினும் அவ்வந்தணர் பெண் பெற்றவரோ என்னும் ஐயம் எனக்கு உண்டு. இன்னொன்று: அகப்பாடல்களிலே தாய் புலம்புவாள், செவிலி புலம்புவாள், தந்தைக்கு அங்கே பேச்சில்லை. நம் வீடுகளிலும் அஃதே வழக்கு. மகன் விட்டுச்சென்ற சைக்கிளை ஞாயிறுதோறும் துடைத்து எண்ணெய் விடும் தந்தையர் யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே பலர் உளர். ஏனென்று கேட்டால், துருப்பிடித்துவிடும் என்பர்.

நம் நாட்டிலே இப்பிரிவு வருகின்ற விதமும் தனியானது. உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளை பெறுபேறு, வெட்டுப்புள்ளி, அனுமதிக் கடிதம் என்று நெடுநாள் காத்திருக்கின்றது. சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகின்றது. அக்காலமெல்லாம் பிள்ளை வீட்டோடு வீடாக இருந்து, தேநீர் வேளையிலே தாய்க்குப் பேச்சுத்துணையாகவும் பழகிவிடுகின்றது. பின்னர் ஒருநாள் கடிதம் வரும். சில கிழமைகளிலே பெட்டி கட்டியாக வேண்டும்.

வடக்கிலே இதற்கு ஒரு பழைய நிழலும் உண்டு. 1990 இலே யாழ்ப்பாணம் வருவதை நிறுத்திய புகையிரதம் 2014 இலேதான் மீண்டது. 2006 ஆகஸ்டிலே ஏ-9 வீதியும் மூடப்பட்டது. தெற்கே படிக்கச் சென்ற பிள்ளையின் செய்தி அறியாது விழித்திருந்த பெற்றோர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். ஆகையால் நாளுக்கு நான்குமுறை தொலைபேசி எடுக்கும் தாயை எள்ளி நகையாட நான் ஒருப்படேன். பகிடிவதை பற்றிய அச்சமும் வீணன்று. அதனைத் தடுக்கும் சட்டம் 1998 இலே இயற்றப்பட்டும் அக்கொடுமை முற்றாக ஒழியவில்லை. பிள்ளை அதுபற்றி வாய்திறந்தால், "பொறுத்துக்கொள்" என்று சொல்லாது பல்கலைக்கழக அதிகாரிகளிடம் முறையிடுதலே தக்கது.

ஆயின் ஒரு விடயத்திலே பெற்றோருக்கு நான் விட்டுக்கொடுப்பதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்திலே கற்கைநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் விருப்ப ஒழுங்கிலே குறித்தல் வேண்டும். யாருடைய விருப்பம்? மகள் பேராதனையையோ மொறட்டுவையையோ முதலில் எழுத விரும்ப, அண்மையில் உள்ளதையே மேலே எழுதுவிக்கும் பெற்றோர் சிலரைக் கண்டிருக்கின்றேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தாழ்ந்தது என்று நான் கூறவில்லை. பிள்ளை தானே அதனைத் தேர்ந்தால் மகிழ்ச்சி. ஆனால் கால்நடை மருத்துவம் கற்க ஆசைப்படும் பெண்ணுக்கு நெடுங்காலமாகப் பேராதனையே புகலிடம். அவளை வீட்டுக்கு அருகே நிறுத்தினால் அவள் விரும்பிய படிப்பே போய்விடும். தாயின் தனிமைக்கு மகளின் ஆயுட்காலத் தொழிலை விலையாகக் கொடுப்பது நியாயமாகுமா?

தனிமை மெய்யானது என்பதை நான் மறுக்கவில்லை. மூவருக்கு உலை வைத்துப் பழகிய கை இருவருக்கு அரிசி அளக்கத் தடுமாறும். அதனினும் கடினம், கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்து உண்ணுதல். "தம்பிக்குப் பரீட்சை", "தங்கச்சிக்கு வகுப்பு" என்று பிள்ளையை நடுவில் வைத்தே பதினெட்டு ஆண்டு பேசிவந்த இருவருக்கு, நடுவில் ஆளில்லாதபோது பேச்சு எளிதில் வருவதில்லை. அதனைத் தொலைக்காட்சியால் நிரப்புவோர் உளர். என் மனைவியும் நானும் மாலையிலே ஒழுங்கை முடியும்வரை நடக்கின்றோம். முதற் கிழமைகளிலே மௌனமாகத்தான் நடந்தோம். இப்பொழுது அயலார் வேலியைப் பற்றியேனும் பேசுகின்றோம்.

எங்கள் மகளும் இப்பொழுது பேராதனையிலே படிக்கின்றாள். தொலைபேசி வியாழனும் ஞாயிறும் மாத்திரம் என்பது அவளே வகுத்த ஒழுங்கு. முதன்முறை பருத்தித்துறை வடையும் புழுக்கொடியலும் கட்டி இரவுப் பேருந்திலே அனுப்பினோம். காலியிலிருந்தும் பதுளையிலிருந்தும் வந்த தோழியர் வடையை ஒரே மாலையிலே தீர்த்துவிட்டனராம். புழுக்கொடியலை எப்படி உண்பது என்று கேட்டனராம். அதன்பின் மனைவி இரண்டு பொதி கட்டுகின்றாள்.