மறுபடியும் பள்ளி வாசலுக்கு

(தருமபுரத்தில் நடந்த ஆதரவாளர் கூட்டத்தில் ஆஸ்பத்திரி போதகர் ஆற்றிய உரை)



உங்கள் காணிக்கையினால் எத்தனையோ பிள்ளைகளுக்கு மருந்து கிடைக்கிறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அந்தப் பிள்ளைகள் வீடு திரும்பியபின் நடப்பதைக் குறித்து இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

சர்க்கரை வியாதி பெரியவர்களுக்கு மாத்திரம் வருவதல்ல. டைப் 1 என்னும் வகை சிறு பிள்ளைகளையும் பிடிக்கிறது. அவர்கள் உடலில் இன்சுலின் சுரப்பது ஏறக்குறைய நின்றுபோகும். தினமும் பலமுறை ஊசி போடவேண்டும். சர்க்கரை திடீரென்று இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும். உடனே இனிப்பு கொடுக்காவிட்டால் மயங்கி விழலாம். வகுப்பில் ஒருமுறை அப்படி விழுந்த பிள்ளைக்கு மறுநாள் அங்கே போக மனம் வருமா? 'ஒட்டுவாரொட்டி' என்று பக்கத்துப் பிள்ளை விலகி உட்கார்ந்தால் என்ன செய்யும்?

காலையில் வயிற்றுவலி என்று அழும். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை மிகவும் கூடினாலும் வயிறு வலிக்கும். உடம்பில் கோளாறு இல்லையென்றால், 'நடிக்கிறான்' என்று அடிக்காதீர்கள். பயத்தினால் வரும் வலியும் மெய்யான வலியே. அதற்காக, 'பாவம், வீட்டிலேயே இருக்கட்டும்' என்று விட்டுவிடவும் கூடாது. வீட்டில் கிடைக்கும் நிம்மதி பயத்துக்குத் தீனி போடுகிறது. பாடமும் பின்தங்குவதால் பயம் இன்னும் வளரும். வியாதி அடங்கியபின்னும் படிப்பு நின்றுபோவது இப்படித்தான்.

பயந்து ஓடிய எலியா சூரைச்செடியின் கீழ் சோர்ந்து படுத்திருந்தபோது, தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து, உறங்கவிட்டு, மறுபடியும் போஜனம் கொடுத்தான். பின்பு அவர் நடக்கவேண்டிய வழியும் இருந்தது.

அப்படியே நாமும் செய்யலாம். முதல் நாள் பள்ளி வாசல்வரை, பிறகு ஒரு பாடவேளை, பிறகு மத்தியானம்வரை என்று பிள்ளையை நடத்தலாம். ஆசிரியரிடம் முன்னதாகவே பேசி, பையில் சர்க்கரை இருக்கவும், வேண்டியபோது சாப்பிடவும் அனுமதி பெறவேண்டும். டைப் 1 பிள்ளைகள் பொதுத்தேர்வு அறைக்குத் தின்பண்டம் கொண்டுபோக சி.பி.எஸ்.இ. 2017இலேயே அனுமதித்தது. காரைக்கால் அரசுப் பள்ளிகளும் இப்போது அந்தப் பாடத்திட்டத்தில்தான் நடக்கின்றன. அடியும் அவமானமும் காரணமானால், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இரண்டையும் தடுக்கிறது என்பதைத் தாழ்மையாக எடுத்துச் சொல்லுங்கள். பயம் தணியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். 2022 முதல் இது நடைபெறுகிறது.

பிரியமானவர்களே, மருந்துக்குக் கொடுக்கும் நீங்கள் இதற்கும் கை கொடுங்கள். உங்கள் தெருவில் பள்ளிக்குப் போகாத பிள்ளை இருந்தால், விடுபட்ட பாடத்தை எழுதிக் கொடுக்க ஒரு தோழனை அனுப்புங்கள். அப்பாவும் அம்மாவும் விடியற்காலையில் கூலி வேலைக்குப் போகிற வீடானால், ஒரு வாரம் நீங்களே பிள்ளையின் கையைப் பிடித்துப் பள்ளி வாசல்வரை கூட்டிக்கொண்டு போங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.