பாடும் பெண்ணுக்கு யார் துணை?

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற மாதர் கூட்டத்தில், பங்கின் பெண்கள் பாடற்குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



"இசையும் பெண்களும்" என்று தலைப்பைக் கொடுத்து, கால் மணி நேரத்துக்குள் பேசி முடிக்கும்படி விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். பாடச் சொன்னால் பாடிவிடுவோம். பேசச் சொன்னால்தான் எங்களுக்குத் தொண்டை அடைக்கிறது. ஆயினும் எங்களுக்குள் கூடிப் பேசி, படித்ததையும் கேட்டதையும் திரட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். பொறுமையோடு கேட்பீர்கள் என்று நம்புகிறோம்.

நம் இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கங்களில் ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டுக்குள்ளே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். வெளியே பந்தலில் ஆண்கள் டோலக்கு வைத்துக்கொண்டு விடிய விடிய மரண கானா பாடுவார்கள். உள்ளே இருக்கும் பாட்டு அழுகை என்றும், வெளியே இருக்கும் பாட்டு கலை என்றும் நாம் பெயர் வைத்துவிட்டோம். ஒப்பாரியை எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லிக் கொடுக்கவில்லை. பாட்டியிடமிருந்து மகளும், மகளிடமிருந்து மருமகளும் கற்றுக்கொண்டதுதான் அது. மாமியாரும் மருமகளும் சண்டையில்லாமல் சேர்ந்து செய்யும் காரியம் அது ஒன்றுதான் என்று எங்கள் குழுவில் ஒரு அம்மா சொன்னார்; நாங்கள் சிரித்தோம், ஆனால் மறுக்கவில்லை.

பந்தலில் பாடிய கானா பின்னாளில் மேடை ஏறியது. 1990களில் இசையமைப்பாளர் தேவா அதைச் சினிமாவில் பட்டிதொட்டியெங்கும் கேட்கச் செய்தார். 2006-இல் "சித்திரம் பேசுதடி" படத்தில் கானா உலகநாதன் பாடினார். பிறகு கானா பாலா வந்தார். எல்லாரும் ஆண்கள். கானா என்றால் ஆண் குரல்தான் என்று ஊரே முடிவு கட்டியிருந்த நேரத்தில், இதே இராயபுரத்திலிருந்து ஒரு பெண் வந்தார். அவர் பெயர் இசைவாணி.

1996-இல் பிறந்தவர். தந்தை தாமாகவே கீ-போர்டு கற்றுக்கொண்டு மேடைகளில் வாசித்தவர். ஆறு வயதிலேயே தந்தையோடு மேடை ஏறி இசைவாணி பாடத் தொடங்கினார். கோவில் திருவிழாவிலும் கல்யாண வரவேற்பிலும் லைட் மியூசிக் குழுக்களில் பெண் பிள்ளைகள் சினிமாப் பாட்டுப் பாடுவதை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அதை யாரும் தடுப்பதில்லை. ஆனால் ஒரு பெண் மைக்கைப் பிடித்துக் கானா பாடினால், "இது பொம்பளை பாடுற பாட்டா?" என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்கு நடுவில்தான் அவர் பாடினார்.

இயக்குநர் பா. இரஞ்சித் அவர்களின் முயற்சியில், இசையமைப்பாளர் தென்மாவோடு சேர்ந்து "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" என்ற குழு உருவாகி, 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி நடத்தியது. "சாதியில்லாத் தமிழர்" என்று அயோத்திதாசப் பண்டிதர் அந்நாளில் எடுத்துச் சொன்ன பெயரிலிருந்துதான் அக்குழுவுக்குப் பெயர் வந்தது. கானாப் பாடகர்களும் ராப் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் நிறைந்த அந்தக் குழுவில் தொடக்கத்தில் பெண் என்று நின்றவர் இசைவாணி ஒருவரே. 2020-இல் பி.பி.சி. நிறுவனம் உலகெங்கும் தேர்ந்தெடுத்த நூறு பெண்களின் பட்டியலில் அவர் பெயர் வந்தது. பட்டம் கிடைத்ததை நாங்கள் பெரிதாகச் சொல்லவில்லை. அவரைப் பார்த்து வேறு இளம் பெண்களும் கானா பாட முன்வந்தார்கள் என்று அந்தப் பட்டியலிலேயே எழுதியிருந்தார்கள். எங்களுக்கு அந்த வரிதான் முக்கியம்.

அவர் பாடிய எல்லாப் பாடலையும் எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல வரவில்லை. வழக்கும் வம்பும் எழுந்ததுண்டு. அது வேறு பேச்சு. நம் தெருவில் வளர்ந்த ஒரு பெண், தன் தெருப் பாட்டைத் தன் குரலில் பாடலாம் என்று காட்டினாரே, அதை மட்டும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். இன்னொன்றையும் கவனியுங்கள். அவருக்கு முதலில் கதவைத் திறந்தவர் அவருடைய தகப்பனார். இங்கே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஐயாமார்களுக்காகத்தான் இதைச் சொல்கிறோம்.

இனி நூறு ஆண்டு பின்னே போவோம். தூரம் போக வேண்டாம், ஜார்ஜ் டவுன்வரை போனால் போதும். அங்கே இராமகிருஷ்ணா தெருவில் வீணை தனம்மாள் (1867–1938) வாழ்ந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் வீணை கேட்க வித்வான்கள் வந்து காத்திருப்பார்கள். மைக் கிடையாது, மெல்லிய வாசிப்பு, இருமினால்கூடக் குற்றம். பிற்காலத்தில் அவருக்குக் கண் பார்வை மங்கியது. வறுமையும் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் பாட்டு, பெண்கள் வழியாகவே இறங்கி வந்தது. தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பாட்டில் சிறந்தார்கள். இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி 1925-இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் நாட்டிய அரங்கேற்றம் செய்தார். நாட்டியம் என்றாலே பெரிய மனிதர்கள் முகம் சுளித்த காலம் அது. அப்போது அந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் பாட்டியும் தாயாருமே. தாயார் ஜெயம்மாள் பின்னாளில் மகளின் நாட்டியத்துக்குத் தாமே பாடினார். 1973-இல் பாலசரஸ்வதிக்கும், 1976-இல் பிருந்தாவுக்கும் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்தது. அந்தப் பட்டத்தை முதன்முதலில் பெற்ற பெண் எம்.எஸ். சுப்புலட்சுமி, ஆண்டு 1968. மதுரையில் வீணை வாசித்த ஒரு தாயாரின் மகள் அவர்.

அதே ஜார்ஜ் டவுனில் குடியிருந்த இன்னொருவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952). இவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

தஞ்சை அரண்மனையில் பதினெட்டாம் நூற்றாண்டில் முத்துப்பழனி என்ற பெண் தெலுங்கில் ஒரு காவியம் இயற்றியிருந்தார். பின்னால் அச்சிட்டவர்கள் பாட்டுகள் சிலவற்றை நீக்கிவிட்டார்கள். நாகரத்தினம்மாள் ஏட்டுப் பிரதியைத் தேடி எடுத்து, 1910-இல் முழு நூலையும் வெளியிடச் செய்தார். சிருங்கார நூல் என்று கண்டனம் எழுந்து, அரசாங்கம் அதைத் தடை செய்தது. தடை நீங்கியது 1947-இல்தான். அந்த நூலை நம் மாதர் கூட்டத்தில் படிக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்! ஆண்கள் அதே சுவையில் எழுதினால் கவிதை, ஒரு பெண் எழுதினால் மட்டும் அசிங்கமா என்று அவர் கேட்டார் அல்லவா, அந்தக் கேள்விக்காகச் சொல்கிறோம். தாம் ஒருபோதும் கண்டிராத, இறந்துபோன ஒரு பெண்ணுக்காக வாதாடத் துணிந்தவர் அவர்.

பிறகு திருவையாறு. தியாகராஜரின் சமாதி கவனிப்பாரின்றிக் கிடந்தது. நாகரத்தினம்மாள் தம் சொந்தப் பணத்தைக் கொட்டி, நிலம் வாங்கி, கட்டடம் எழுப்பி, அதை நிறைவேற்றினார். தியாகராஜர் நம் திருவொற்றியூருக்கு வந்து அம்மன்மேல் ஐந்து கீர்த்தனைகள் இயற்றியவர் என்பதால், இந்த வட்டாரத்துக்கும் அவர் அந்நியரல்லர். சரி, கட்டியவர் பெண். ஆனால் அங்கே நடந்த ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாதென்று வைத்திருந்தார்கள்! அவர் கட்டிய மண்டபத்தில் அவருக்கே வாய்ப்பூட்டு.

அவர் என்ன செய்தார் தெரியுமா? கோபித்துக்கொண்டு சென்னைக்குத் திரும்பிவிடவில்லை. 1927-இல் பெண்களைத் திரட்டி, சமாதியின் பின்பக்கத்தில் தனியே ஆராதனை தொடங்கினார். பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று ஆண்கள் இரண்டாகப் பிரிந்து கிடந்த இடத்தில், "பெண்கள் கட்சி" என்று மூன்றாவதாக ஒன்று எழுந்தது. பதின்மூன்று ஆண்டுகள் பொறுத்தார்கள். 1940-இல் எல்லாக் கட்சியும் ஒன்றாயின. அதன்பிறகு பெண்களும் அங்கே பாடினார்கள். இன்று அந்த ஆராதனையில் ஆணும் பெண்ணும் சேர்ந்து பஞ்சரத்தினம் பாடுகிறார்கள். சமாதிக்கு எதிரே நாகரத்தினம்மாளுக்கும் ஒரு நினைவிடம் இருக்கிறது.

"இதெல்லாம் பிறர் கோவில் கதை, நமக்கென்ன?" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நம் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறோம். 1903-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் திருச்சபை இசையைப் பற்றி ஒரு கட்டளை வெளியிட்டார். இசையைச் சீர்ப்படுத்திய அருமையான கட்டளைதான். ஆனால் கோவிலில் பாடுவது திருவழிபாட்டுப் பணி, ஆகையால் பாடற்குழுவில் பெண்களைச் சேர்க்கலாகாது என்றும் அதில் இருந்தது. நவம்பர் 22 யாருடைய திருநாள்? இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியம்மாளின் திருநாள்! அந்த அம்மாள் மோட்சத்தில் அன்று என்ன நினைத்தாரோ, தெரியவில்லை.

1955-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் கதவைக் கொஞ்சம் திறந்தார். சிறுவர் குழு கிடைக்காத இடங்களில், பீடப் பகுதிக்கு வெளியே, ஆண்களிலிருந்து தனித்து நின்று, பெண்களும் பாடலாம் என்றார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1967-இல் வந்த இசை பற்றிய அறிவுரையில் பெண்களும் பாடற்குழுவில் இருக்கலாம் என்பது தெளிவாயிற்று. கட்டளை எப்படியிருந்தபோதிலும், ஜெபமாலையிலும் நவநாளிலும் தவக்காலத்து வியாகுலப் பாடல்களிலும் நம் தாய்மாரின் குரல் ஓயவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கட்டுமரம் ஏறிப் போன கணவனுக்காகக் கரையில் நின்று பாடும் ஜெபத்துக்கு யாரும் உத்தரவு கேட்பதில்லை.

அதற்கும் முன்னே, ஜெர்மனி தேசத்தில் பிங்கன் நகர் ஹில்டகார்ட் (1098–1179) என்ற மடத்துத் தலைவி இருந்தார். தம் மடத்துக் கன்னியர் பாடுவதற்கென்றே பாடல்களும் ஓர் இசை நாடகமும் இயற்றியவர். அந்த நாடகத்தில் எல்லாரும் பாடுவார்கள். பிசாசு மட்டும் பாட முடியாமல் கத்தும். 1178-இல், ஒருவரை மடத்துக் கல்லறையில் அடக்கம் செய்த தகராறில், அந்த மடத்தில் பாடக் கூடாதென்று மேலிடம் தடை போட்டது. அப்போது அவருக்கு வயது எண்பது. பாட்டை நிறுத்துகிறவர்கள் தக்க காரணமின்றி நிறுத்தினால் வானதூதரின் பாட்டில் அவர்களுக்குப் பங்கிராது என்ற பொருளில் ஒரு கடிதம் எழுதினார். மறு ஆண்டு தடை நீங்கியது. அந்த ஆண்டிலேயே அவர் இறைவனடி சேர்ந்தார். 2012-இல் பாப்பரசர் 16-ஆம் ஆசீர்வாதப்பர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார்.

இத்தனையும் சொன்னது எதற்காக? நம் பங்கில் பாட்டு எங்கே நிற்கிறது என்று கேட்பதற்காகத்தான். புதுநன்மை வாங்கும் வயதில் நம் பெண் பிள்ளைகள் எல்லாரும் பாடுகிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். கல்யாணமானதும் மீதிப் பேரும் நின்றுவிடுகிறார்கள். குரல் போய்விட்டதா? இல்லை. சாயங்காலம் தண்ணீர் லாரி வரும் நேரமும், எண்ணூர் கம்பெனியிலிருந்து ஷிப்ட் முடிந்து வீட்டுக்காரர் திரும்பும் நேரமும், பாட்டுப் பயிற்சி நேரமும் ஒன்றாக இருக்கின்றன. விடியற்காலம் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிற பெண் இராத்திரி எட்டு மணிக்குப் பயிற்சிக்கு வர முடியுமா? டி.கே. பட்டம்மாளின் தாயார் நன்றாகப் பாடக்கூடியவராம். ஆனால் உறவினர் முன்னேகூடப் பாட அவருக்கு அனுமதியில்லை. மகள் உலகமறியப் பாடினார். அந்தத் தாயாரைப் போன்றவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். அடுப்படியில் நீங்கள் பாடுவது சந்துவரை கேட்கிறது, அம்மா!

ஆகவே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். பங்குத் தந்தை அவர்களும் இசைந்திருக்கிறார்கள். வரும் சனிக்கிழமை முதல், பயிற்சி இராத்திரியில் அல்ல, பிற்பகல் மூன்று மணிக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் நடக்கும். கைக்குழந்தையோடு வரலாம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள பாட்டிமார்கள் இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சுரம் தெரிய வேண்டியதில்லை. படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகச் சொல்லித் தருவோம். வயதான தாய்மார்கள் தங்களுக்குத் தெரிந்த பழைய பாடல்களைக் கொண்டுவந்தால், அவற்றை எழுதி வைத்துக்கொள்ள எங்கள் குழுவின் இளம் பெண்கள் நோட்டுப் புத்தகத்தோடு காத்திருப்பார்கள். ஆர்மோனியத்தில் இரண்டு கட்டைகள் ஊமையாகிக் கிடக்கின்றன. பழுதுபார்க்கத் தெரிந்தவர் யாரேனும் பின்வரிசையில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் எங்களை வந்து பார்க்கவும்.