பர்மிங்காமின் பிள்ளைகள்



அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போர் என்றதும் மார்ட்டின் லூதர் கிங்கைச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். நான் இன்று பேச வந்திருப்பது, அந்தப் போரில் சிறைக்குப் போன பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி.

1963. அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரம். கறுப்பர்கள் கடையில் காசு கொடுத்துத் துணி வாங்கலாம். அதே கடையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. குடிதண்ணீர்க் குழாய்கூட வெள்ளையருக்கு வேறு, கறுப்பருக்கு வேறு. அந்த ஏப்ரலில் கிங்கே சிறைக்குப் போனார். அப்படியும் போராட்டத்துக்கு ஆள் சேரவில்லை. ஏன் தெரியுமா? ஊர்வலத்தில் முகம் தெரிந்தால் மறுநாள் வேலை போய்விடும், வீட்டில் அடுப்பெரியாது. அந்தப் பெற்றோரைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு நா எழாது.

வேலை இல்லாதவர்கள் யார்? பிள்ளைகள்! ஜேம்ஸ் பெவல் என்ற இளம் போதகர் அவர்களை அழைத்தார். மே 2 அன்று பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்திலிருந்து அணி அணியாகப் பாடிக்கொண்டே வெளியே வந்தார்கள். போலீஸ் வண்டிகள் போதாமல் பள்ளிப் பேருந்துகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆட்ரி ஹெண்ட்ரிக்ஸ் என்ற சிறுமிக்கு வயது 9. ஒரு வாரம் சிறையில் இருந்தாள், ஐயா, ஒரு வாரம்!

மறுநாள் காவல்துறைக்குப் பொறுப்பான புல் கானர், அந்தப் பிள்ளைகள்மேல் தீயணைப்புக் குழாய்களைத் திருப்பினார், நாய்களையும் ஏவினார். படங்கள் உலகமெங்கும் போயின.

பிள்ளைகளை அனுப்பலாமா என்று இன்னொரு கறுப்பினத் தலைவரான மால்கம் எக்ஸ் கண்டித்தார். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஊரில் வீட்டுக்குள் இருந்த பிள்ளைக்கு மட்டும் என்ன பாதுகாப்பு இருந்தது? மே 10இல் போராட்டம் உடன்பாட்டில் முடிந்தது. ஆனால் பத்து நாளில் கல்வி வாரியம், ஊர்வலம் போன 1,000க்கும் மேற்பட்ட மாணவர்களைப் பள்ளியைவிட்டு நீக்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் தலையிட்டுத்தான் திரும்பச் சேர்த்தார்கள்.

செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அதே தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன் மூவருக்கும் வயது 14. டெனிஸ் மெக்நேருக்கு 11. நால்வரும் மாண்டார்கள்.

மறு ஆண்டு ஜூலையில் குடிமை உரிமைகள் சட்டம் கையெழுத்தானது. குண்டு வைத்தவர்களில் ஒருவருக்கு 1977இல் தண்டனை கிடைத்தது. மேலும் இருவரைக் குற்றவாளிகள் என்று ஒரு நீதிமன்றம் சொல்ல 2001, 2002 வரை ஆனது.