வேதாளனும் வழிநூலும்

முதல்நூலின் முடிபைத் தழுவி, பின்னவன் வேண்டும் வேறுபாட்டையும் கொண்டு வருவது வழிநூல் என்கிறது நன்னூல். இதைப் படிப்பிக்கும்போது நான் கம்பனை எடுத்துக்காட்டுவது வழக்கம். இன்று ஒரு சித்திரக்கதை வீரனைக் காட்டுகிறேன்.

லீ ஃபால்க் 1936இல் படைத்த 'ஃபாண்டம்', இந்திரஜால் சித்திரக்கதைகள் வழியே தமிழில் வேதாளன் ஆனான். தந்தைக்குப்பின் மகன் அதே முகமூடியை அணிவதால், அவனுக்குச் சாவில்லை என்று காட்டுமக்கள் நம்புவர். பத்திரிகைக் கதையில் வருபவன் 21ஆம் தலைமுறை. 1994இல் 'ஃபாண்டம் 2040' என்னும் தொலைக்காட்சிச் சித்திரத்தொடரை ஆக்கியோர் 24ஆம் தலைமுறையானைத் தெரிந்தெடுத்தனர். கதைக்களம் காட்டிலிருந்து மாநகருக்கு மாறியது. கடற்கொள்ளையரின் இடத்தை ஒரு பெருவணிக நிறுவனம் பிடித்தது. வழிவழியாகக் கையளிக்கப்படும் சபதம் மட்டும் மாறவில்லை. கதையின் முடிபு அதுவே.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில், விடியவிடிய ஆடிய கூத்தைச் சுருக்கி மேடையேற்றினார். குறைந்தது நேரம், ஆட்டமும் தாளமும் நின்றன.

நமது கதைகளையும் இவ்வாறு அசையும் சித்திரமாக்க விரும்பும் இளைஞர் உளர். கணினியைத் தொடுமுன், தம் கதையின் முடிபு எது என்பதை அவர்கள் தெளிந்துகொள்ள வேண்டும்.